நெஞ்சில் அடிபட்டவரின் எக்ஸ்ரே, சி.டி. படத்தில் நுரையீரல் கன்றலைக் கண்டறிவது: முழுமையான வழிகாட்டி

நாற்கரச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்தவர், பனையிலிருந்து விழுந்தவர், வயலில் டிராக்டர் கவிழ்ந்து அடியில் சிக்கியவர், மாடு முட்டியவர். திருநெல்வேலிச் சீமையில் இரவு டியூட்டி பார்க்கும் எந்த மருத்துவருக்கும் இவர்களைத் தெரியும். பல பேருக்குத் தோலில் ஒரு கீறல்கூட இருக்காது. இதை நம்மூரில் ஊமைக்காயம் என்பார்கள். நுரையீரல் கன்றலுக்கு அந்தச் சொல் அப்படியே பொருந்தும். அடியின் அதிர்ச்சியில் காற்று நுண்ணறைகளுக்குள் ரத்தமும் நீரும் கசிந்து நிரம்பும், ஆனால் நுரையீரல் கிழிந்திருக்காது. மழுங்கிய நெஞ்சடியில் நுரையீரலுக்கு வரும் காயங்களில் இதுதான் அதிகம்.

புதிதாக வரும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளில் இரவில் தனியாக நிற்கும் டியூட்டி டாக்டர்களுக்கும் இதை எழுதுகிறேன். அவர்கள் தடுமாறுவதைப் பல வருடமாகப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். கண் தெரியாமல் யாரும் தவறுவதில்லை, வரிசை தெரியாமல்தான் தவறுகிறார்கள்.

1. படத்தைத் திறப்பதற்கு முன் மணியைக் கேளுங்கள்

இரண்டு நேரம் வேண்டும்: அடிபட்ட நேரம், படம் எடுத்த நேரம். இரண்டையும் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுத்தான் படத்தைத் திறக்க வேண்டும்.

காரணம் இதுதான். எக்ஸ்ரேயில் கன்றல் உடனே தெரியாது. பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குள் தெரிய ஆரம்பிக்கும், சிலருக்கு 24 முதல் 48 மணி நேரம்கூட ஆகும். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், அப்புறம் வெளுக்கத் தொடங்கும். ஆகவே அடிபட்டு 40 நிமிடத்தில் எடுத்த படம் சுத்தமாக இருந்தால், கன்றல் இல்லை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இன்னும் தெரியும் நேரம் வரவில்லை என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

மறுபக்கமும் உண்டு. இரண்டு நாள் சுத்தமாக இருந்த நுரையீரலில் மூன்றாம் நாள் புதிதாக வெள்ளைத் திட்டு வந்தால், அதைக் கன்றல் என்று எழுதாதீர்கள். வேறு காரணத்தைத் தேடுங்கள்.

என் ஆரம்ப வருடங்களில் ஓர் இரவு, நாங்குநேரிப் பக்கமிருந்து பைக் விபத்தில் ஒரு பையன் வந்தான். விபத்து நடந்து ஒரு மணி நேரத்தில் எடுத்த படம். சுத்தமாக இருந்தது. 'நார்மல்' என்று ஒரே சொல் எழுதினேன். அந்தச் சொல்லை நம்பி அவனைப் பொது வார்டுக்கு அனுப்பினார்கள். விடியற்காலையில் ஆக்சிஜன் அளவு 84 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. புதுப் படத்தில் வலது பக்கம் பாதிக்கு மேல் வெள்ளை. பிழைத்துவிட்டான். ஆனால் அன்றிலிருந்து நேரத்தைச் சேர்க்காமல் 'நார்மல்' என்று நான் எழுதுவதில்லை.

கூட வந்தவர்களிடம் கேட்டால் 'இப்பதான் சார், கொஞ்ச நேரம் முன்னாடி' என்பார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 108 வண்டியில் வந்திருந்தால் அழைப்பு வந்த நேரம் அவர்கள் பதிவில் இருக்கும். பனையிலிருந்து விழுந்தவர் என்றால், காலையில் பதநீர் இறக்க ஏறினாரா, சாயந்திரம் பாளை சீவ ஏறினாரா என்று கேளுங்கள். நேரம் தானாக வந்துவிடும்.

2. எப்படி அடிபட்டது, எந்தப் பக்கம்

கன்றல் அடி விழுந்த இடத்தைத் தேடிப் போகும். விலா எலும்பு, முதுகெலும்பு, நெஞ்செலும்பு போன்ற கெட்டியான எலும்புக்கு எதிரே நுரையீரல் நசுங்கும் இடத்தில்தான் பெரும்பாலும் வரும். சில சமயம் அடி விழுந்த பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்திலும் வரும். பக்கம் தெரிந்தால் படத்தில் எங்கே உற்றுப் பார்ப்பது என்று தெரியும்.

வயதைக் கட்டாயம் பாருங்கள். சின்னப் பிள்ளைகளின் விலா எலும்பு பச்சைக் குச்சி மாதிரி வளையும், முறியாது. அடியின் வேகம் முழுவதும் உள்ளே போய்விடும். அதனால் ஒரு விலா எலும்புகூட முறியாமல் பெரிய கன்றல் இருக்கலாம். 'எலும்பு ஒண்ணும் முறியல, பிள்ளைய கூட்டிட்டுப் போகட்டுமா' என்று தாய் கேட்கும்போது சரி என்று சொல்லிவிடாதீர்கள். வயதானவர்களுக்கு இது தலைகீழ். சின்ன அடிக்கே இரண்டு மூன்று விலா எலும்பு முறியும்.

3. படத்துக்கு முன் ஆளைப் பாருங்கள்

மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, இரண்டு பக்கமும் காற்று சமமாகப் போகிறதா, தோலுக்கு அடியில் நொறுநொறுவென்று காற்று தட்டுப்படுகிறதா. ஒரு பக்கம் காற்றுச் சத்தமே இல்லாமல், ரத்த அழுத்தம் இறங்கி, கழுத்து நரம்பு புடைத்திருந்தால் அது அழுத்தத்தோடு கூடிய நியூமோதோராக்ஸ், அதாவது நுரையீரலைச் சுற்றியுள்ள உறைக்குள் காற்று அடைபட்டு அதை அமுக்குவது. அதற்குப் படம் எடுக்கக் காத்திருக்கக் கூடாது, உடனே காற்றை வெளியேற்ற வேண்டும்.

4. படம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

அடிபட்டவரை நிற்கவைக்க முடியாது. முதுகெலும்புக் காயம் இருக்குமோ என்ற சந்தேகத்தில் படுக்கவைத்தே ஏ.பி. படம் (கதிர் முன்னாலிருந்து பின்னால் போகும் படம்) எடுப்போம். அதில் இதயம் பெரிதாகத் தெரியும், நடு நெஞ்சு (இரண்டு நுரையீரலுக்கும் இடைப்பட்ட பகுதி) அகலமாகத் தெரியும், நுரையீரலின் பின்பகுதி கொஞ்சம் அமுங்கி மங்கலாகத் தெரியும். படுத்து எடுத்த படமா, உட்கார்ந்து எடுத்ததா என்பதைப் படத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள்.

மூச்சு முக்கியம். நன்றாக மூச்சிழுத்த படத்தில் பின்பக்க விலா எலும்பு 9 அல்லது 10 உதரவிதானத்துக்கு மேலே தெரியும். விலா எலும்பு வலியில் யாரும் ஆழமாக இழுக்கமாட்டார்கள். 7 மட்டும் தெரியும் படத்தில் இரண்டு கீழ்ப்பகுதியும் மங்கலாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து 'இரண்டு பக்கமும் கன்றல்' என்று எழுதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கையோடு வலிக்கு மருந்து கொடுத்துவிட்டு எடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

தாயத்து, தாலிக்கொடி, சட்டைப் பொத்தான், தோளில் விழுந்த சடை, ஈரத்துணி மடிப்பு என்று எல்லாமே படத்தில் நிழலாக விழும். சடையின் நிழல் நுரையீரல் உச்சியில் கன்றல் மாதிரியே கோடுகோடாக விழும். நோயாளியை அசைக்காமல் எதை எடுக்க முடியுமோ அதை எடுத்துவிட்டுப் படம் எடுங்கள்.

5. படிக்கும் வரிசை: நுரையீரல் கடைசி

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு இங்கேதான். படத்தைத் திறந்ததும் கண் வெள்ளைத் திட்டுக்குப் போகும், அங்கேயே நின்றுவிடும். கன்றலைக் கண்டுபிடித்த திருப்தியில் மறுபக்க நியூமோதோராக்ஸை விட்டுவிடுவார்கள். அதனால் வரிசையை மாற்றுங்கள்.

முதலில் குழாய்கள். மூச்சுக்குழாயில் போட்ட டியூப் சரியான இடத்தில் இருக்கிறதா? வலது பக்கக் கிளைக்குள் இறங்கியிருந்தால் இடது நுரையீரல் முழுவதும் சுருங்கி வெள்ளையாகத் தெரியும்.

அப்புறம் எலும்பு. விலா எலும்புகளை மேலிருந்து ஒவ்வொன்றாக எண்ணுங்கள். முதல் இரண்டு முறிந்திருந்தால் அடி மிகக் கடுமையானது. 10, 11, 12 முறிந்திருந்தால் கல்லீரல், மண்ணீரலைச் சந்தேகியுங்கள். அடுத்தடுத்து மூன்று விலா எலும்புகள் தலா இரண்டு இடத்தில் முறிந்திருந்தால் அந்தப் பகுதி தனியாக ஆடும், அதன் அடியில் கன்றல் இருக்கும் என்று எடுத்துக்கொண்டே தேடுங்கள். தோள்பட்டை எலும்பையும் மறக்காதீர்கள்.

மூன்றாவது நுரையீரல் உறை. படுத்த படத்தில் காற்று மேலே உச்சிக்குப் போகாது, முன்னால் கீழே தேங்கும். ஒரு பக்க விலா–உதரவிதானக் கோணம் வழக்கத்துக்கு மேல் ஆழமாகவும் கறுப்பாகவும் இறங்கியிருந்தால் அங்கே காற்று இருக்கிறது.

நான்காவது நடு நெஞ்சு. படுத்த படத்தில் 8 செ.மீ.க்கு மேல் அகலம், பெருந்தமனியின் வளைவு மங்கல் என்றால் சி.டி. அவசியம்.

இவ்வளவும் முடித்த பிறகுதான் நுரையீரல்.

6. எக்ஸ்ரேயில் கன்றல் எப்படித் தெரியும்

ஓரம் தெளிவில்லாத, திட்டுத்திட்டான வெள்ளை. லேசான அடியில் மங்கல் மட்டும், கடுமையானதில் திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே வெள்ளை.

முக்கியமான அடையாளம், அது நுரையீரலின் மடல் எல்லையை மதிக்காது. நிமோனியா பொதுவாக ஒரு மடலுக்குள் அல்லது ஒரு பகுதிக்குள் அடங்கும். கன்றல் அடி விழுந்த இடத்தின் வடிவத்தில் மடல்களுக்கு நடுவே உள்ள பிளவைத் தாண்டி அடுத்த மடலுக்கும் போகும். பெரும்பாலும் வெளி ஓரத்தில், முறிந்த விலா எலும்புக்கு அடியில் இருக்கும். ஏர் பிரான்கோகிராம் (வெள்ளைக்கு நடுவே காற்று நிறைந்த மூச்சுக்குழல்கள் கறுப்புக் கோடாகத் தெரிவது) பெரும்பாலும் தெரியாது, ஏனென்றால் சின்ன மூச்சுக்குழல்களிலும் ரத்தம் நிரம்பியிருக்கும். தெரிந்தால் கன்றல் இல்லை என்று முடிவுக்கு வராதீர்கள்.

7. கன்றல் மாதிரியே தெரியும் மற்றவை

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். தவறுகளில் முக்கால்வாசி இங்கேதான் நடக்கின்றன.

*உறைக்குள் ரத்தம்.* படுத்த படத்தில் ரத்தம் முதுகுப் பக்கம் பரவிக் கிடக்கும். அந்தப் பக்கம் முழுவதும் ஒரே சீராக, மெல்லிய திரை போட்ட மாதிரி மங்கும். திரைக்குப் பின்னால் நுரையீரலின் ரத்தக்குழாய்க் கோடுகள் தெரிந்துகொண்டே இருக்கும். கன்றலில் திட்டு இருக்கும் இடத்தில் அந்தக் கோடுகள் மறையும். இரண்டும் சேர்ந்தும் வரும். அல்ட்ராசவுண்ட் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெளியும்.

*புரையேறியது.* தலையில் அடிபட்டு நினைவு தப்பியவர், குடித்துவிட்டு விழுந்தவர், வாந்தி எடுத்தவர் என்றால் இதை முதலில் நினையுங்கள். படுத்திருப்பவருக்கு வாந்தி மேல் மடலின் பின்பகுதிக்கும் கீழ் மடலின் உச்சிக்கும் போகும். வலது பக்கம் அதிகம். விலா எலும்பு முறிவுக்கும் அந்த இடத்துக்கும் தொடர்பு இருக்காது. மூச்சுக்குழலின் கிளை அமைப்பை ஒட்டியே பரவும். புரையேறிய சில மணி நேரத்திலேயே வெள்ளை வருவதால் நேரத்தை மட்டும் வைத்து இதைப் பிரிக்க முடியாது. இடத்தைப் பாருங்கள்.

*நுரையீரல் சுருங்குதல்.* வலியில் இருமாமல் சளி தேங்கினால் ஒரு பகுதி சுருங்கும். பிளவுக்கோடு இழுபடும், உதரவிதானம் மேலே ஏறும், நடு நெஞ்சு அந்தப் பக்கம் சாயும். கன்றலில் பொதுவாக எதுவும் இழுபடாது. சுருங்கியது பிசியோதெரபியில் ஒரே நாளில் விரியலாம், கன்றல் அப்படி ஒரு நாளில் மறையாது.

*கொழுப்புத் துகள் அடைப்பு.* தொடை எலும்பு முறிந்தவருக்கு 24 முதல் 72 மணி நேரத்துக்குள் இரண்டு நுரையீரலிலும் பரவலாக மங்கல், கூடவே குழப்பமான பேச்சு, மார்பிலும் அக்குளிலும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். முதல் நாள் படம் சுத்தமாக இருந்திருந்தால் இதை நினையுங்கள். முதல் நாள் படமும் அதன் நேரமும் இல்லாவிட்டால் இதைச் சொல்லவே முடியாது.

*பழைய டி.பி. தழும்பு.* நம் பக்கத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது. மேல் மடலில் நார்நாராக, மேலே இழுபட்ட, சில இடங்களில் சுண்ணாம்பு படிந்த நிழல் இருந்தால் அது வருடக்கணக்கில் இருப்பது. 'முன்னாடி எப்பவாவது ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டீங்களா?' என்று கேளுங்கள். டி.பி. என்ற பெயரைச் சொன்னால் சிலர் இல்லை என்பார்கள், ஆறு மாச மாத்திரை என்றால் தலையாட்டுவார்கள். பழைய எக்ஸ்ரே பெரும்பாலும் வீட்டில் மஞ்சள் பைக்குள் இருக்கும். ஆளனுப்பி எடுத்துவரச் சொல்லுங்கள். கன்றல் நாளுக்கு நாள் மாறும், தழும்பு மாறாது.

*பீடி பிடித்த நுரையீரல்.* பல வருடம் பீடி குடித்தவரின் நுரையீரலில் ஏற்கெனவே ஓட்டைகள் இருக்கும். அதைச் சுற்றி ரத்தம் கசிந்தால் வெள்ளைக்கு நடுவே கறுப்புக் குழிகள் தெரியும். கிழிசல் என்று பதறுவதற்கு முன், அடிபடாத பகுதியிலும் அதே மாதிரிக் குழிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

8. சி.டி.யில் படிப்பது

எக்ஸ்ரே காட்ட மறுக்கும் கன்றலை சி.டி. அடிபட்ட சிறிது நேரத்திலேயே காட்டிவிடும். எல்லோருக்கும் சி.டி. தேவையில்லை. அடி கடுமையாக இருந்து, ஆக்சிஜன் இறங்கி, எக்ஸ்ரே அதற்குக் காரணம் சொல்லாவிட்டால் எடுங்கள். பெருந்தமனிக் காயச் சந்தேகம் இருந்தால் கான்ட்ராஸ்ட் மருந்தை நரம்பில் ஏற்றி எடுக்க வேண்டும். ரத்த அழுத்தம் நிலையில்லாதவரை சி.டி. அறைக்குத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள்.

நுரையீரல் விண்டோவில் (நுரையீரலைத் தெளிவாகக் காட்டும் திரை அமைப்பில்) பாருங்கள்: அகலம் 1500, மட்டம் மைனஸ் 600. வயிற்று விண்டோவில் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்பவர்கள் உண்டு, அதில் லேசான கன்றல் தெரியவே தெரியாது.

கிரவுண்ட் கிளாஸ் எனப்படும் மங்கல், அதற்குள் கெட்டியான வெள்ளைத் திட்டுகள், இரண்டும் மடல் எல்லையைத் தாண்டி எலும்பை ஒட்டி இருக்கும். நுரையீரலின் வெளி விளிம்பில் 1 முதல் 2 மி.மீ. அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு தப்பித்து நிற்கும், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு. விளிம்பு வரை முழுவதும் வெள்ளை என்றால் நுரையீரல் சுருங்கியதா, நிமோனியாவா என்று இன்னொரு முறை பாருங்கள். கான்ட்ராஸ்ட் கொடுத்த படத்தில் சுருங்கிய நுரையீரல் ஒரே சீராகப் பளிச்சென்று தெரியும், கன்றல் அவ்வளவு பளிச்சிடாது.

இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, மூச்சு அசைவு. மூச்சை அடக்க முடியாதவரின் படத்தில் இதய ஓரமும் பிளவுக்கோடும் இரட்டையாகத் தெரியும், பக்கத்தில் பொய்யான மங்கல் விழும். இரண்டு, முதுகுப் பக்கத் தேக்கம். படுத்திருப்பவருக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சமமாக ஒரு மங்கல் பட்டை இருப்பது இயல்பு.

கிழிசலையும் தேடுங்கள். நுரையீரல் ரப்பர் மாதிரி பின்னுக்கு இழுக்கும் தன்மை கொண்டது. அதனால் கோடாகக் கிழிந்தாலும் வட்டமான அல்லது முட்டை வடிவக் குழியாகத் தெரியும். உள்ளே காற்று, ரத்தம் அல்லது இரண்டும் இருக்கும். எக்ஸ்ரேயில் முதல் நாள் சுற்றியுள்ள கன்றல் அதை மறைத்துவிடும், கன்றல் வெளுக்கும்போதுதான் வெளியே வரும். 'மூணாம் நாள் புதுசா குழி வந்திருக்கு, சீழா?' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில், காய்ச்சல் இல்லாத வரை.

கடைசியாக அளவு. மொத்த நுரையீரலில் எத்தனை பங்கு கன்றியிருக்கிறது என்று தோராயமாகவாவது எழுதுங்கள். 20 சதவீதத்தைத் தாண்டினால் ஏ.ஆர்.டி.எஸ். என்ற கடுமையான மூச்சுத் திணறலுக்குப் போகும் வாய்ப்பு வெகுவாக ஏறும். ஒரு கீழ் மடல் மட்டுமே மொத்தத்தில் ஏறக்குறைய கால்பங்கு. அது முழுவதும் வெள்ளை என்றால் கோட்டைத் தாண்டியாகிவிட்டது, அவருக்கு ஐ.சி.யூ. படுக்கை வேண்டும்.

9. அல்ட்ராசவுண்ட்

சி.டி. இல்லாத ஊரில் இது பெரிய துணை. அடி விழுந்த இடத்தில் மட்டும் மேலிருந்து கீழே ஓடும் பி கோடுகள் (நீர் கோத்த நுரையீரல் காட்டும் வெள்ளைக் கோடுகள்) நெருக்கமாகத் தெரிந்து, மறுபக்கம் அவை இல்லாவிட்டால் கன்றல் என்று பலமாகச் சந்தேகிக்கலாம். முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும்போதே இது தெரியும். நுரையீரல் வழுக்கி அசைவது தெரிகிறதா என்றும் பாருங்கள், தெரியாவிட்டால் நியூமோதோராக்ஸைச் சந்தேகிக்க வேண்டும். தோலுக்கடியில் காற்று இருந்தால் ஒன்றும் தெரியாது, அதோடு போராட வேண்டாம்.

10. திரும்ப எடுக்கும் படங்கள்

கடுமையான அடி என்றால் முதல் படம் சுத்தமாக இருந்தாலும் 6 மணி நேரத்தில் ஒன்று, 24 மணி நேரத்தில் ஒன்று. இடையில் மூச்சு மோசமானால் உடனே. எல்லாப் படத்தையும் நேர வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 48 முதல் 72 மணி நேரத்தில் வெளுக்கத் தொடங்கி, ஒன்று இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தெளிந்துவிட வேண்டும். அப்படி இல்லாமல் கூடிக்கொண்டே போனால் நிமோனியா, புரையேறியது, ஏ.ஆர்.டி.எஸ்., அளவுக்கு மேல் ஏற்றிய குளுக்கோஸ் நீர் ஆகியவற்றைத் தேடுங்கள்.

முதல் நாள் மாலையே வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லும் குடும்பங்கள் நிறைய. செலவு பயம்தான். சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. கன்றல் மோசமாகும் நேரத்தில் பெரும்பகுதி அந்த 48 மணிக்குள்தான் வருகிறது. இதை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். 'இப்ப நல்லா இருக்காக, ஆனா ராத்திரி மூச்சு முட்டலாம், நாளைக்கு ஒரு படம் பாத்துட்டு அனுப்புறேன்' என்றால் புரிந்துகொள்வார்கள்.

11. அறிக்கையும் டிஸ்சார்ஜ் சீட்டும்

அறிக்கையில் நேரம், படுத்த படமா இல்லையா, எந்தப் பக்கம், தோராயப் பங்கு, கூட இருக்கும் காயங்கள், அடுத்த படம் எப்போது என்று எழுதுங்கள். 'அடிபட்டு 1 மணி நேரத்தில் படுக்கவைத்து எடுத்த படம். கன்றல் தெரியவில்லை. இந்த நேரத்தில் இல்லை என்று சொல்ல முடியாது. 6 மணி நேரத்தில் மறுபடம் தேவை.' இந்த நான்கு வரி அன்று நாங்குநேரிப் பையனின் படத்தில் இருந்திருந்தால் அவன் பொது வார்டுக்குப் போயிருக்க மாட்டான்.

டிஸ்சார்ஜ் சீட்டில் இன்னொன்று. கிழிசல் குழிக்குள் ரத்தம் உறைந்து நின்றால், சுற்றியுள்ளதெல்லாம் தெளிந்த பிறகும் நாணயம் மாதிரி ஒரு வட்டம் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும். காரணம் தெரியாத ஒருவர் பார்த்தால் டி.பி. என்றோ புற்று என்றோ நினைப்பார். 'இந்தத் தேதியில் நெஞ்சடி, இந்த இடத்தில் ரத்தக்கட்டு' என்று எழுதி, படங்களையும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

முக்கூடல் பக்கத்து அம்மா ஒருவர், பஸ் படிக்கட்டிலிருந்து விழுந்து இரண்டரை மாதம் கழித்து வந்தார். வேறோர் இடத்தில் எடுத்த படத்தில் வட்டம் தெரிந்ததால் டி.பி. மாத்திரை ஆரம்பிக்கச் சொல்லியிருந்தார்கள். அவர் பீடி சுற்றுபவர் என்பதும் அந்த முடிவுக்குத் துணை போயிருந்தது. மகன் மஞ்சள் பையைத் திறந்து முதல் வாரப் படங்களை வரிசையாக எடுத்து வைத்தான். அதே இடம், முன்பு இதைவிட இரண்டு மடங்கு பெரிய வட்டம். சளிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை. மாத்திரையை ஆரம்பிக்காமல் ஆறு வாரம் கழித்து ஒரு படம் எடுத்தோம். பட்டாணி அளவுக்குச் சுருங்கியிருந்தது.